விடுப்பில் போன 18 மாதங்கள்: பென்சன் சேவையைத் திரும்ப வாங்கிய ஒரு நிகழ்வு

2023ஆம் ஆண்டு முடிவில் எங்கள் தொழிற்சங்க உறுப்பினர் ஒருவருடைய பென்சன் சேவை, அதாவது பென்சனுக்காக எண்ணப்படும் வேலைக் காலம், 180 மாதங்களாக இருந்திருக்க வேண்டும். 2009 ஜனவரியில் சேர்ந்தவர், வேலையை விடவே இல்லை. ஆனால் பென்சன் திட்டம் அனுப்பிய ஆண்டுக் கூற்றில் 162 என்று இருந்தது. அந்தத் தாளோடுதான் வந்தார். "அண்ணை, நான் வேலையை விடேல்லயே. ஏன் ஒண்டரை வருசம் இல்லை எண்டு காட்டுது?"

ஒன்ராறியோவில் ஒரு நகராட்சி நடத்தும் முதியோர் இல்லத்தில் அலுவலகப் பணி அவருக்கு. வயது 46. கணவர் சொந்தமாகத் தொழில் செய்கிறார், அவருக்கு வேலைத்தலப் பென்சன் கிடையாது. ஒரு பிள்ளை. தொழிற்சங்கத்தில் உறுப்பினர்களின் பென்சன் தாள்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று என்பதால் இந்தக் கோப்பு என்னிடம் வந்தது. ஆள் அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றித் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கை மாற்றவில்லை. ஒன்ராறியோவின் வேலைத்தலப் பென்சன் திட்டங்களான ஓமர்ஸ், ஹூப், ஆசிரியர் பென்சன் திட்டம் என்று எதில் இருந்தாலும் இதே கேள்விகள் வரும். எண்களும் கெடுக்களும்தான் திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

காணாமற்போன 18 மாதங்களும் இரண்டு விடுப்புகள். முதலாவது, 2013 பெப்ரவரியில் தொடங்கிய பிள்ளைப்பேற்று விடுப்பும் பெற்றோர் விடுப்பும்: அன்றைய சட்டப்படி 17 வாரமும் 35 வாரமும் சேர்ந்து 52 வாரம். இரண்டாவது, 2022 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை, யாழ்ப்பாணத்தில் தகப்பனார் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது எடுத்த சம்பளமில்லா விடுப்பு.

அந்த மாதங்கள் ஏன் கணக்கில் இல்லை என்பது எளிது. நிர்ணயித்த பலன் தரும் திட்டங்களில் பென்சன் என்பது சேவை ஆண்டு, சம்பளச் சராசரி, ஒரு சதவீதம் ஆகிய மூன்றின் பெருக்கல். சேவை வரவாக வேண்டுமென்றால் சந்தா போக வேண்டும். சந்தா சம்பளத்திலிருந்து பிடிக்கப்படுகிறது. பிள்ளைப்பேற்று விடுப்பில் வருவது சம்பளம் அல்ல, ஈ.ஐ. எனப்படும் வேலைக் காப்புறுதிப் பணம். அதிலிருந்து யாரும் பென்சனுக்குப் பிடிப்பதில்லை. மாதாமாதம் தானாக நடந்துகொண்டிருந்த ஒன்று, சத்தமே இல்லாமல் நின்றுவிடுகிறது. நின்றது தெரிவது பல ஆண்டுகளுக்குப் பிறகு, இப்படி ஒரு தாளில்.

நின்றுபோன மாதங்களுக்குரிய சந்தாவைப் பின்னர் செலுத்தி வரவாக்கிக்கொள்வதைத்தான் சேவையை வாங்குவது என்கிறோம். எவ்வளவு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: விடுப்புப் படிவத்தில் என்ன பெயர் எழுதப்பட்டது, எந்தத் தேதியில் கேட்டீர்கள். இவர் இரண்டிலும் இழந்திருந்தார், இரண்டும் வெவ்வேறு விடுப்பில்.

2013 விடுப்பு

அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் 48,000 டாலர். திட்டத்தின் சந்தா விகிதம், சி.பி.பி. எனப்படும் அரசின் கனடா பென்சன் திட்டத்துக்குரிய சம்பள உச்சவரம்பு வரை 9 சதவீதம், அதற்கு மேல் 14.6 சதவீதம். அந்த ஆண்டு உச்சவரம்பு 51,100. ஆகவே முழுச் சம்பளத்துக்கும் 9 சதவீதம்தான்: ஆண்டுக்கு 4,320 டாலர். வேலை கொடுப்பவர் தன் பங்காக அதே அளவு செலுத்த வேண்டும். அதாவது 4,320 கொடுத்திருந்தால் 8,640 டாலர் பெறுமதியான சேவை கிடைத்திருக்கும்.

கொடுக்கவில்லை. கைக்குழந்தை, வீட்டுக் கடன், சம்பளத்தின் 55 சதவீதம் மட்டுமே தரும் ஈ.ஐ. அந்த நேரத்தில் 4,000 டாலரைத் தூக்கிப் பென்சனில் போடுகிற குடும்பம் அரிது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அது அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய விஷயமல்ல என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. திட்டம் தந்த கெடு, விடுப்பு முடிந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31. விடுப்பு 2014 ஜனவரி இறுதியில் முடிந்ததால் 2015 இறுதிவரை நேரம் இருந்தது. வேலைக்குத் திரும்பி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சம்பளம் வாங்கிய பிறகுகூட அதே 4,320க்கு வாங்கியிருக்கலாம்.

கெடு தாண்டினால் கதவு பூட்டப்படுவதில்லை, விலைதான் மாறுகிறது. அதன் பிறகு சந்தாக் கணக்கு கிடையாது. இன்றைய வயது, இன்றைய சம்பளம், அந்த ஓராண்டுச் சேவை எதிர்காலத்தில் திட்டத்துக்கு வைக்கப்போகும் செலவு ஆகியவற்றை வைத்துக் காப்பீட்டுக் கணிப்பாளர் முறையில் விலை போடுவார்கள். வேலை கொடுப்பவரின் பங்கு இதில் இல்லை. 2024இல் அவர் கேட்டு வாங்கிய விலை 14,200 டாலர். சம்பளம் உயர்ந்துகொண்டும் ஓய்வு நெருங்கிக்கொண்டும் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டு தள்ளும்போதும் இது ஏறத்தான் செய்யும்.

2022 விடுப்பு

கதையில் என்னை மிகவும் வருத்தியது இதுதான்.

தகப்பனாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. இனி மாதக் கணக்குத்தான் என்று அங்குள்ள வைத்தியர் சொல்லிவிட்டார். இவர் மேலாளரிடம் போய் நிலைமையைச் சொன்னார். மேலாளர் நல்ல மனிதர், உடனே "தனிப்பட்ட விடுப்பு" என்று படிவத்தில் எழுதி அனுமதித்தார். ஆறு மாதம், சம்பளமில்லை. தகப்பனார் பெப்ரவரியில் காலமானார். காரியங்களை முடித்துவிட்டு இவர் ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினார்.

ஒன்ராறியோவின் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டத்தில், எல்லாரும் ஈ.எஸ்.ஏ. என்று சொல்கிறார்களே, அதில், குடும்ப மருத்துவ விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. நெருங்கிய உறவினர் 26 வாரத்துக்குள் இறக்கும் அபாயம் இருப்பதாக வைத்தியர் சான்றிதழ் தந்தால், 28 வாரம் வரை எடுக்கலாம். பெற்றோர் அந்தப் பட்டியலில் உண்டு. சான்றிதழ் தரும் வைத்தியர் கனடாவில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, சிகிச்சை நடக்கும் நாட்டின் சட்டப்படி தகுதி பெற்றவராக இருந்தால் போதும். யாழ்ப்பாணத்து வைத்தியரின் கடிதமே செல்லும்.

பெயரில் என்ன இருக்கிறது என்றால், பணம் இருக்கிறது. பிள்ளைப்பேற்று விடுப்பு, குடும்ப மருத்துவ விடுப்பு போன்ற ஈ.எஸ்.ஏ. விடுப்புகளில், ஊழியர் தன் பங்கைச் செலுத்தினால் வேலை கொடுப்பவரும் தன் பங்கைச் செலுத்தியே ஆக வேண்டும். பென்சன் மட்டுமல்ல, ஆயுள் காப்புறுதி, பல் வைத்தியம், மருத்துவக் காப்புறுதி ஆகியவையும் இதில் அடங்கும். "தனிப்பட்ட விடுப்பு" என்பது வேலை கொடுப்பவர் தயவில் தருவது. அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வாங்க வேண்டுமென்றால் இரண்டு பங்கையும் ஊழியரே கட்ட வேண்டும்.

2022இல் அவர் சம்பளம் 68,000. அந்த ஆண்டு உச்சவரம்பு 64,900, அடுத்த ஆண்டு 66,600. மூன்று மாதம் அதில், மூன்று மாதம் இதில் என்று கணக்குப் பார்த்தால் ஊழியர் பங்கு சுமார் 3,120 டாலர். இரண்டு பங்கும் சேர்த்து 6,250. ஒரு படிவத்தில் ஒரு வரி மாறியதற்கு 3,000 டாலருக்கு மேல். மேலாளருக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது, மனிதவளப் பிரிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடுப்பு முடிந்த பிறகு பெயரை மாற்றக் கேட்டோம். விடுப்புக் காலத்தில் சான்றிதழ் கோப்பில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அதற்கு மேல் போராட எங்கள் கையில் வலுவான பிடி இல்லை.

ஒரே ஆறுதல், நேரம் இருந்தது. விடுப்பு முடிந்தது 2023 மார்ச்சில். கெடு 2024 டிசம்பர் 31. அவர் என்னிடம் வந்தது 2024 செப்டெம்பரில்.

வாங்கலாமா?

இங்கே பலரும் செய்கிற கணக்கு இப்படி இருக்கும். திட்டத்தின் சூத்திரப்படி, ஓராண்டுச் சேவைக்கு, தொடர்ச்சியான ஐந்து சிறந்த ஆண்டுகளின் சம்பளச் சராசரியில் 2 சதவீதம். 65 வயதானதும் சி.பி.பி. வரும் என்பதால், உச்சவரம்புச் சராசரியில் 0.675 சதவீதம் கழியும். அவருடைய சராசரியை 68,000 என்றும் உச்சவரம்புச் சராசரியை 64,000 என்றும் வைத்துக்கொண்டால், 1,360இல் 432 போக 928 டாலர். அதாவது ஓராண்டுச் சேவை, 65க்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு 928 டாலர் தரும். ஆறு மாதச் சேவை 464 தரும்.

சரி, 6,250ஐ 464ஆல் வகுத்தால் பதின்மூன்றரை ஆண்டு. 14,200ஐ 928ஆல் வகுத்தால் பதினைந்து ஆண்டுக்குக் கொஞ்சம் மேல். கனடாவில் 65 வயதை எட்டிய பெண் சராசரியாக இன்னும் 22 ஆண்டுகள் அளவில் வாழ்கிறார். ஆகவே இரண்டும் நட்டமில்லை, ஆனால் பெரிய லாபமுமில்லை என்று தோன்றும். 2015க்குள் 4,320 கொடுத்திருந்தால் ஐந்தே ஆண்டில் திரும்பியிருக்கும் என்பது வேறு கதை.

இந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. முன்கூட்டி ஓய்வு பெறுவது.

அவர் 60 வயதில் போக விரும்புகிறார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களைக் கேட்டால் காரணம் புரியும். அவருடைய திட்டத்தில் வயதும் சேவையும் சேர்ந்து 90 ஆனால், அல்லது சேவை 30 ஆண்டு ஆனால் பென்சனில் வெட்டு இல்லை. குறைந்தால், குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 சதவீதம் வெட்டு. வெட்டு அந்த ஆண்டுக்குரிய பென்சனில் மட்டும் அல்ல, மொத்தப் பென்சனிலும்.

கூற்றை இன்னொரு முறை உற்றுப் பார்த்தபோது, சேவை என்று இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று வரவு வைக்கப்பட்ட சேவை, 162 மாதம். அதன் கீழே சின்ன எழுத்தில் தகுதிச் சேவை, 12 மாதம். பென்சன் தொகையைப் பெருக்குவது முதல் வரி. எப்போது வெட்டில்லாமல் போகலாம் என்று பார்க்கும்போது இரண்டு வரிகளும் சேரும். அந்த 12 மாதம் 2013 விடுப்பு: வாங்காவிட்டாலும் தகுதிக்கு எண்ணப்பட்டிருக்கிறது. 2022 விடுப்பு எந்த வரியிலும் இல்லை. அதை உறுதிப்படுத்திக்கொள்ளத் திட்டத்துக்கு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கினோம். தொலைபேசியில் கேட்டதை வைத்து ஆயிரக் கணக்கில் முடிவெடுக்கக் கூடாது.

இப்போது கணக்கு வேறாகிறது. 60 வயதில் எதையும் வாங்காமல் போனால் தகுதிக்குரிய சேவை 28.5 ஆண்டு. 60உம் 28.5உம் 88.5. ஒன்றரை ஆண்டு குறை, 7.5 சதவீத வெட்டு. ஆறு மாதத்தை வாங்கினால் 89, வெட்டு 5 சதவீதம். 65க்குப் பிறகான பென்சனை மட்டும் எடுத்துக்கொண்டால், வாங்காதபோது 27.5 ஆண்டுக்கு 25,520 டாலர், வெட்டுப் போக 23,606. வாங்கினால் 28 ஆண்டுக்கு 25,984, வெட்டுப் போக சுமார் 24,685. வித்தியாசம் ஆண்டுக்கு 1,080 டாலர் அளவில்.

464 என்று நினைத்தது 1,080. ஆறு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்புகிறது. 60க்கும் 65க்கும் இடையில் கிடைப்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

2013 விடுப்புக்கு இந்தப் பலன் இல்லை, ஏனென்றால் அது தகுதிச் சேவையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்கினால் 928இல் வெட்டுப் போகக் கிடைப்பது மட்டும்தான். ஆக, பிள்ளைப்பேற்று விடுப்பு மலிவு, மற்ற விடுப்பு இரட்டிப்பு விலை என்று வேலைத்தலங்களில் எல்லாரும் சொல்வது இவர் விஷயத்தில் தலைகீழாகிவிட்டது. வந்த அன்று அவர் கேட்டதும் அதைத்தான்: "பிள்ளைக்கு நிண்ட வருசத்தைத்தானே முதல்ல வாங்க வேணும்?"

பணமும் வரியும்

கையிலிருந்து கொடுத்தால் 1989க்குப் பிந்தைய சேவைக்கான சந்தா முழுவதும் அந்த ஆண்டு வருமானத்திலிருந்து கழியும். அவருடைய வருமான அடுக்கில் 2024இல் மத்திய வரியும் மாகாண வரியும் சேர்ந்து 29.65 சதவீதம். 6,250க்கு சுமார் 1,850 டாலர் வரி குறையும். அதனால் உண்மையான செலவு 4,400தான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாளைக்கு வரும் பென்சனுக்கும் வரி உண்டு. வரிக்குப் பிந்தைய செலவை வரிக்கு முந்தைய பென்சனோடு ஒப்பிட்டால் கண்ணை நாமே மறைத்துக்கொள்கிறோம்.

ஆர்.ஆர்.எஸ்.பி. எனப்படும் பதிவுபெற்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டத்தில் பணம் இருந்தால் அங்கிருந்து நேரடியாகத் திட்டத்துக்கு மாற்றலாம். வரி பிடிக்க மாட்டார்கள், வரிக் கழிவும் கிடையாது, போட்டபோதே கழித்தாகிவிட்டது. முக்கியம், பணத்தை வெளியே எடுத்துக் கட்டக் கூடாது. எடுத்தால் அது வருமானமாகிவிடும். வங்கியில் பரிமாற்றப் படிவம் கேட்க வேண்டும்.

கடந்த காலச் சேவையை வாங்கும்போது ஆர்.ஆர்.எஸ்.பி. இடமும், அதாவது அதில் இன்னும் போட அனுமதியுள்ள தொகையும், குறையும். கூடுதலாகக் கிடைக்கும் ஆண்டுப் பென்சனை ஒன்பதால் பெருக்குவதை அடிப்படையாகக் கொண்டு ஒரு சரிக்கட்டல் போடுவார்கள். கனடா வருவாய் முகவரகம் அதற்குச் சான்றளித்த பிறகே சில கொள்வனவுகள் முடியும். உங்கள் ஆர்.ஆர்.எஸ்.பி. இடத்துக்கு மேல் 8,000 டாலர் வரை சலுகை இருப்பதால் சிறிய கொள்வனவுகள் பெரும்பாலும் தடைபடுவதில்லை. இவருக்கும் தடைபடவில்லை. இன்னொரு வரம்பும் இருக்கிறது: சம்பளமில்லாத காலத்துக்குப் பென்சன் சேவை என்று ஒருவர் வேலைக் காலம் முழுவதும் சேர்த்துக்கொள்ளக்கூடியது முழுநேரக் கணக்கில் ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல், பிள்ளை பிறந்த அல்லது தத்தெடுத்த ஓராண்டுக்குள் எடுக்கும் விடுப்புக்கென்று இன்னும் மூன்று ஆண்டுகள். அடிக்கடி நீண்ட விடுப்பு எடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் 2022 விடுப்பை வாங்கினார். அக்டோபர் முதல் வாரத்தில் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் சேமிப்பிலிருந்து பணம். விலையைக் கேட்டு அனுப்பி, பதில் வந்து, வங்கி வேலை முடிய வாரங்கள் எடுக்கும். டிசம்பர் 20ஆம் திகதி தாளோடு வருபவர்களுக்கு நான் எதுவும் செய்து கொடுக்க முடிந்ததில்லை.

சி.பி.பி. என்ற இன்னொரு கணக்கு

பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "பிள்ளை வளத்த காலத்தை அரசாங்கம் பாத்துக்கொள்ளும் எண்டு ஒரு அக்கா சொன்னவ." அந்த அக்கா சொன்னது சி.பி.பி.யின் பிள்ளை வளர்ப்பு ஏற்பாடு. பிள்ளைக்கு ஏழு வயதாகும் வரை வருமானம் குறைந்திருந்த அல்லது இல்லாதிருந்த மாதங்களைச் சி.பி.பி. கணக்கிடும்போது ஒதுக்கிவைக்கலாம். நல்ல ஏற்பாடு, காசு கட்டத் தேவையில்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். வேலைத்தலப் பென்சனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்ட தாய்மார் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் தனியாகச் சொல்கிறேன்.

2013 இன்னும் முடியவில்லை

14,200 டாலர் விலையை அவர் ஏற்கவில்லை. கணவருக்குப் பென்சன் இல்லாத வீட்டில், ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருக்கும் 19,000தான் அவசரத்துக்குக் கை வைக்கக்கூடிய பணம். பென்சனுக்குள் போனது திரும்பி வராது. சேவையை வாங்குவதை நான் பொதுவாக ஊக்குவிப்பவன், ஆனாலும் இந்தக் காரணத்தை மதிக்கிறேன்.

வேறொரு காரணமும் உண்டு. சட்டம் சொல்வதைத் திரும்பப் படித்தால், விடுப்புக் காலத்தில் வேலை கொடுப்பவர் பென்சன் பங்கைத் தொடர்ந்து செலுத்த வேண்டும், ஊழியர் தன் பங்கைச் செலுத்தப் போவதில்லை என்று எழுத்தில் அறிவித்தால் தவிர. அப்படி எதையும் எழுதிக் கொடுத்த நினைவு அவருக்கு இல்லை. கையெழுத்திட்டிருக்கலாம், பிரசவத்துக்கு முந்திய வாரங்களில் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்திட்டேன் என்கிறார். ஆகவே தொழிற்சங்கத்தின் மூலமாக மனிதவளப் பிரிவுக்கு எழுதி, 2013 விடுப்புக் கோப்பின் பிரதியைக் கேட்டிருக்கிறோம்: விடுப்பு அனுமதிக் கடிதம், பென்சன் தெரிவுப் படிவம், திரும்பி வந்தபோது கொள்வனவு பற்றி அனுப்பிய அறிவித்தல் ஏதும் இருந்தால் அது.

ஈ.எஸ்.ஏ. முறைப்பாட்டுக்கு இரண்டு ஆண்டுக் கெடு, அது எப்போதோ போய்விட்டது. ஆனால் எழுத்திலான மறுப்பு கோப்பில் இல்லை என்று தெரிந்தால், தங்கள் பங்கைத் தாங்களாகவே ஏற்கும்படி கேட்கத் தொழிற்சங்கத்துக்கு நியாயம் இருக்கும். அப்போது அவர் கட்ட வேண்டியது 14,200ஆக இருக்காது. படிவம் இருந்தால் அந்த நியாயம் இல்லை. பதில் வரும்வரை விலையை ஏற்பதில்லை என்றும், காலாவதியானால் புதிதாகக் கேட்பது என்றும் முடிவெடுத்திருக்கிறோம். தாமதத்தால் விலை சற்று ஏறலாம் என்பதைத் தெரிந்துதான் அவர் சம்மதித்தார்.